"போய் விளையாடு" என்றால் போதாது: மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களில் பிள்ளைகளின் உடற்பயிற்சி விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எல் பாசோ, ஃபிரெஸ்னோ, கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் என்று மெக்சிகோ வம்சாவளியினர் நிறைந்த அமெரிக்க ஊர்களில், ஞாயிற்றுக்கிழமை கால்பந்து மைதானத்துக்குக் குடும்பமே கிளம்பி வருவது சகஜம். அப்பா ஆடுவார். பிள்ளையோ ஓரத்தில் மடக்கு நாற்காலியில், மடியில் சிச்சரோன் (பொரித்த நொறுக்குத் தீனி) பொட்டலத்தோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும். பிள்ளையை விளையாட்டுக்குக் கூட்டிப்போனோம் என்று பெற்றோருக்கு நிறைவு. பிள்ளைக்கு உடலசைவு பூஜ்யம்.

இதற்குத் தீர்வு எளிது. வீட்டிலிருந்து ஒரு பந்தையும் நாலு பழைய பாட்டில்களையும் எடுத்துப் போங்கள். மைதான ஓரத்தில் பத்தடி இடைவெளியில் பாட்டில்களை நட்டால் இரண்டு கோல் தயார். பந்தின் அளவு முக்கியம்: 8 வயதுக்குள் 3ஆம் எண், 8 முதல் 12 வரை 4ஆம் எண். பெரியவர்களின் 5ஆம் எண் பந்தைக் கொடுத்தால் சின்னக் கால் வலிக்கும். பிள்ளை பத்து நிமிடத்தில் நாற்காலிக்குத் திரும்பிவிடும். இடைவேளையில் அப்பாவோ மாமாவோ உள்ளே இறங்கி ஆடினால் ஆட்டம் நீளும். வாயால் ஊக்கப்படுத்துவது, கூட்டிப்போவது, கூடச் சேர்ந்து ஆடுவது மூன்றும் வேறு வேறு ஆதரவு. பல வீடுகளில் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள்.

அடுத்தது "பள்ளியில் உடற்பயிற்சி இருக்கிறதே" என்ற கணக்கு. கலிஃபோர்னியாவில் 1 முதல் 6ஆம் வகுப்பு வரை பத்துப் பள்ளி நாட்களுக்குக் குறைந்தபட்சம் 200 நிமிடம், அதாவது நாளொன்றுக்குச் சராசரி 20 நிமிடம். வரிசையில் நிற்கும் நேரமும் அதில் அடக்கம். ஆனால் 6 முதல் 17 வயதுவரை தினமும் 60 நிமிடம் தேவை என்கிறது 2018இன் அமெரிக்க அரசு வழிகாட்டுதல். மீதி 40ஐ ஒரே மூச்சில் தேட வேண்டாம்: பள்ளியிலிருந்து 15 நிமிட வேக நடை, சாயங்காலம் 25 நிமிட ஆட்டம். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் வேகம் சரி.

ஆட்டம் என்றால் பந்து மட்டும் இல்லை. ஃபோல்க்லோரிகோ என்ற மெக்சிகோ நாட்டுப்புற நடனத்தில் தரையைத் தட்டி ஆடும் சபாதேயாதோ, எலும்புக்கு வலுவூட்டும் பயிற்சியாகவே சேரும். வாரம் மூன்று நாளாவது வேண்டும் என்று அதே வழிகாட்டுதல் சொல்வது அந்த வகையைத்தான். "அது விழாவுக்கான ஆட்டம்தானே" என்று ஒதுக்குவது, குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு இழப்பு. மூத்த மகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் வீட்டில், "அவளுக்கு ஆர்வமில்லை" என்று முடிவு கட்டுவதற்கு முன் அவளுக்கு நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். வாரத்தில் இரண்டு மாலை, பாட்டியோ பக்கத்து வீடோ சின்னதுகளைப் பார்த்துக்கொண்டாலே நடன வகுப்புக்கு வழி பிறக்கும்.

எடையைச் சொல்லிக் கிண்டல் செய்வதும், தண்டனையாக ஓடவிடுவதும் ஓட்டத்தின் மேலேயே வெறுப்பை வளர்க்கும். ஆடி முடித்ததும் பரிசாக விளையாட்டு பானமும் வேண்டாம்: 591 மில்லி பாட்டிலில் சுமார் 34 கிராம் சர்க்கரை. ஒரு மணி நேர ஆட்டத்துக்குத் தண்ணீர் போதும்.

ஃபிரெஸ்னோ இருக்கும் கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில், கோடையில் பிற்பகல் மூன்று மணிக்கு வெளியே விடாதீர்கள். காலை ஒன்பதுக்குள் முடியுங்கள். அங்கே காற்றும் மோசம். காற்றுத் தரக் குறியீடு 100ஐத் தாண்டினால் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளையும், 150ஐத் தாண்டினால் எல்லாப் பிள்ளைகளையும் உள்ளே வைத்து, பாட்டைப் போட்டு கும்பியா என்ற லத்தீன் அமெரிக்க நடனம் ஆடவிடுங்கள்.

விளையாட்டு, நடன வகுப்பு நடத்துபவர்களுக்கும் ஒன்று. சாயங்காலம் நாலு மணிக்கு வகுப்பு வைத்துவிட்டு, இரட்டை ஷிஃப்ட் பார்க்கும் பெற்றோருக்கு அக்கறையில்லை என்பது அநியாயம். சேர்க்கைப் படிவம் ஸ்பானிஷில் இருந்தால் மட்டும் போதாது. அமெரிக்க அரசு தரும் அடையாள எண்ணான சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு ஒரு கட்டம் இருந்தாலே, குடியேற்ற ஆவணப் பயம் உள்ள குடும்பம் படிவத்தை மடித்து வைத்துவிடும். பெயர், வயது, அவசரத்துக்குக் கூப்பிட ஒரு எண், ஒவ்வாமை விவரம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கட்டணச் சலுகை உண்டு என்றால் அதை முதல் வரியிலேயே போடுங்கள்.