ப்ரமோஷன் வேணாம்னு எழுதிக் கொடுக்கறதுக்கு முன்னாடி எம்.ஏ.சி.பி. கணக்கைப் பாருங்க

மத்திய அரசு ஆபீஸ்ல ப்ரமோஷன் ஆர்டர் வந்தா கூடவே ஒரு டிரான்ஸ்ஃபரும் வரும். பசங்க பன்னண்டாவது படிக்கிறாங்க, அம்மாவுக்கு ட்ரீட்மென்ட் நடக்குது, வீட்டுக்காரருக்கு இந்த ஊர்லயே வேலை, இப்படி ஏதோ ஒண்ணு இருக்கும், உடனே "ப்ரமோஷன் வேணாம், பத்து வருஷம் ஆனா எப்படியும் எம்.ஏ.சி.பி. (ப்ரமோஷன் இல்லாமலே வர்ற சம்பள உயர்வு) வந்துடும்"னு பக்கத்து சீட்காரர் சொல்றதைக் கேட்டு ஒரு வெள்ளைத்தாள்ல நாலு வரி எழுதிக் கொடுத்துடறாங்க. அந்த நாலு வரிதான் எம்.ஏ.சி.பி.யையே நிறுத்தும். எனக்கும் இது நின்னுது, அப்புறம் சரியாச்சு, அதுக்காகப் படிச்சதை எல்லாம் இங்க வரிசையா எழுதறேன்.

எம்.ஏ.சி.பி.ன்னா மாடிஃபைடு அஷ்யூர்டு கேரியர் ப்ரோக்ரஷன், ப்ரமோஷன் இல்லாம தேங்கி நிக்கறவங்களுக்கு 10, 20, 30 வருஷத்துல மூணு தடவை அடுத்த சம்பள லெவல். டிஓபிடி (மத்திய அரசோட பணியாளர் துறை) 19-5-2009 போட்ட ஓ.எம்.லதான் (ஆபீஸ் மெமோரண்டம், அதாவது அரசு உத்தரவு) ஸ்கீம் வந்துச்சு, 1-9-2008 தேதியிலிருந்து அமல். ஏழாவது சம்பளக் கமிஷனுக்கு அப்புறம் 22-10-2019 அன்னைக்கு எல்லாத்தையும் திரட்டி ஒரு ஓ.எம். போட்டாங்க. ரயில்வேக்கு ரயில்வே போர்டு தனியா உத்தரவு போட்டிருக்கு, அவங்க அதைத்தான் கையில வெச்சுக்கணும். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு இது பொருந்தாது, அங்க தேர்வு நிலை, சிறப்பு நிலை, உரிமைவிடல்னு வேற விதிகள். இந்தப் பதிவு முழுக்க மத்திய அரசுக்கு மட்டும்.

படி 1: ஆர்டர் ரெகுலரா அட்ஹாக்கான்னு பாருங்க

எனக்கு மாட்டினது இந்த இடத்துலதான், அதனால கொஞ்சம் நீட்டி எழுதறேன்.

எம்.ஏ.சி.பி. நிக்கும்னு விதி சொல்றது "ரெகுலர் ப்ரமோஷன்" கொடுத்து அதை மறுத்தா மட்டும்தான். ஷார்ட் டெர்ம் வேகன்சிக்கு அட்ஹாக்கா, அதாவது தற்காலிகமா, போட்டா அது வேற. ப்ரமோஷனை மறுத்தா என்ன பண்ணணும்னு சொல்ற 1-10-1981 ஓ.எம்.லயே, குறுகிய காலத்துக்கான அட்ஹாக் ப்ரமோஷனை மறுக்கறவங்களுக்கு இந்த விதி கிடையாதுன்னு தெளிவா இருக்கு. ஆனா ஆபீஸ்ல என்ன நடக்கும்னா, நீங்க மறுத்துக் கொடுத்த லெட்டரைப் பாத்து சர்வீஸ் புக்ல "ப்ரமோஷன் மறுத்தார்"னு ஒரே வரியா பதிவு போட்டுடுவாங்க, அட்ஹாக்ங்கிற வார்த்தை அதுல இருக்காது, வருஷங்கள் கழிச்சு எம்.ஏ.சி.பி. லிஸ்ட் தயாரிக்கிற கிளார்க் அந்த ஒரு வரியை மட்டும் பாத்து உங்க பேரை ஓரங்கட்டிடுவார். அவர் மேலயும் தப்பு சொல்ல முடியாது, அவர் கண்ணுல பட்டது அதுதான்.

என் பேர் லிஸ்ட்ல இல்லாதப்ப நான் பண்ணது: பழைய ப்ரமோஷன் ஆர்டரோட காப்பியைத் தேடி எடுத்தேன். அதுல "முழுக்க அட்ஹாக் அடிப்படையில், சீனியாரிட்டிக்கோ ரெகுலர் நியமனத்துக்கோ உரிமை தராது"ங்கிற வரி இருந்துச்சு. அந்த வரியை ஹைலைட் பண்ணி, 1981 ஓ.எம். காப்பியையும் எம்.ஏ.சி.பி. ஓ.எம்.ல "ரெகுலர்"னு வர்ற அந்தப் பாராவையும் இணைச்சு, ஒரே பக்கத்துல ரெப்ரசன்டேஷன் (மனு) கொடுத்தேன். கேட்டது ரெண்டே விஷயம், சர்வீஸ் புக் பதிவுல "அட்ஹாக்"ங்கிற வார்த்தையைச் சேக்கணும், எம்.ஏ.சி.பி. யாருக்குன்னு முடிவு பண்ற ஸ்க்ரீனிங் கமிட்டிக்கு என் பேரை வைக்கணும். ரெண்டும் நடந்துச்சு, அரியரும் வந்துச்சு. நீளமா அநியாயம் அக்கிரமம்னு எழுதாதீங்க, ஃபைல்ல நோட் போடறவருக்கு எந்த வரி, எந்த பாரான்னு கைக்கு எடுத்துக் கொடுத்தா போதும்.

ஆர்டர் காப்பி இல்லாதவங்க எஸ்டாப்ளிஷ்மென்ட்ல எழுதிக் கேளுங்க, கிடைக்கலைன்னா ஆர்.டி.ஐ., 10 ரூபாய் ஃபீஸ், 30 நாள்ல பதில் வரணும். உங்க சொந்த சர்வீஸ் புக் காப்பியையும் அதே மனுவுல கேக்கலாம். வருஷா வருஷம் சர்வீஸ் புக்கைக் காட்டி கையெழுத்து வாங்கணும்னு விதியே இருக்கு, அப்ப படிச்சுப் பாத்துட்டு கையெழுத்து போடுங்க, கண்ணை மூடிட்டு போடாதீங்க.

படி 2: உங்க பத்து வருஷம் எந்தத் தேதியில முடியுது

நேரடியா சேர்ந்த கிரேடுல ரெகுலரா சேர்ந்த நாள்ல இருந்து எண்ணுங்க. அதுக்கு முன்னாடி அட்ஹாக்லயோ கான்ட்ராக்ட்லயோ இருந்ததும், நியமனத்துக்கு முந்தின ட்ரெய்னிங்கும் சேராது. முறையா சேங்ஷன் ஆன லீவு, டெபுடேஷன், ஸ்டடி லீவு எல்லாம் சேரும். 1-3-2006ல சேர்ந்தவருக்கு முதல் எம்.ஏ.சி.பி. 1-3-2016.

இங்க ஒரு குழப்பம் வரும். ஸ்க்ரீனிங் கமிட்டி வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஜனவரி முதல் வாரம், ஜூலை முதல் வாரம் கூடணும்னு சொல்லியிருக்கு. ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தகுதி ஆகறவங்களை ஜனவரியிலயும், அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் ஆகறவங்களை ஜூலையிலயும் முன்கூட்டியே பாப்பாங்க. கமிட்டி லேட்டா கூடினாலும் பலன் கிடைக்கறது உங்க தகுதித் தேதியில இருந்துதான், கமிட்டி கூடின தேதியில இருந்து இல்ல.

படி 3: நீங்க மறுத்தது முன்னாடியா பின்னாடியா

மொத்த விஷயமும் இதுதான்.

எம்.ஏ.சி.பி.க்கு தகுதி வர்றதுக்கு முன்னாடியே ரெகுலர் ப்ரமோஷன் வந்து அதை மறுத்துட்டீங்கன்னா, அந்த அப்கிரேடேஷன் கிடையாது. ஸ்கீமே ப்ரமோஷன் வாய்ப்பு இல்லாம தேங்கி நிக்கறவங்களுக்கு, உங்களுக்கு வாய்ப்பு வந்துச்சு, நீங்களா வேணாம்னீங்க, அதனால நீங்க தேங்கலைங்கிறதுதான் லாஜிக். "என் காரணம் நியாயமானது"ன்னு வாதாடி இதுல ஜெயிக்கறது கஷ்டம். எம்.ஏ.சி.பி.க்கு முன்னாடி இருந்த பழைய ஏ.சி.பி. ஸ்கீம்ல இதே கேள்வி சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 2022 ஜனவரியில மஞ்சு அரோரா வழக்குல, ரெகுலர் ப்ரமோஷனை தானா மறுத்தவங்க அந்தப் பலனைக் கேக்க முடியாதுன்னு தீர்ப்பு வந்துடுச்சு. நீங்க சொல்ற காரணத்தை ஆபீஸ் ஏத்துக்கிறதுங்கிறது மறுப்பை ஏத்துக்கறதுக்கு மட்டும்தான் உதவும், எம்.ஏ.சி.பி.யைக் காப்பாத்தாது. காரணத்தை ஏத்துக்கலைன்னா ப்ரமோஷன்ல போகத்தான் வேணும், அதுக்கும் போகலைன்னா ஒழுங்கு நடவடிக்கை வரைக்கும் போகலாம்.

எம்.ஏ.சி.பி. வாங்கினதுக்கு அப்புறம் ப்ரமோஷன் வந்து மறுத்தீங்கன்னா, வாங்கினதைப் பிடுங்க மாட்டாங்க. அதை யாராவது ரிகவரி பண்றோம்னு சொன்னா தைரியமா ஓ.எம்.ஐ எடுத்துக் காட்டுங்க. ஆனா அடுத்த எம்.ஏ.சி.பி. ரெண்டு விதத்துல அடி வாங்கும்: ப்ரமோஷனுக்கு என்னைக் கன்சிடர் பண்ணலாம்னு நீங்க மறுபடி சம்மதிக்கற வரைக்கும் அடுத்தது கிடையாது, அதோட டிபார் ஆன காலம் (மறுத்ததால மறுபடி ப்ரமோஷன் கொடுக்காம வெச்சிருக்கற காலம்) எவ்வளவோ அவ்வளவு தள்ளியும் போகும்.

"டிபார் ஒரு வருஷம்தானே"ன்னு எல்லாரும் சொல்லுவாங்க. முழுசாப் படிங்க: மறுத்த தேதியில இருந்து ஒரு வருஷம் இல்லைன்னா அடுத்த வேகன்சி வர்ற வரைக்கும், இதுல எது பிந்துதோ அது. மேல சொன்ன ஆளையே எடுத்துக்குவோம், 2016ல முதல் எம்.ஏ.சி.பி. வாங்கியாச்சு, 15-6-2018ல ப்ரமோஷனை மறுத்தார், ஒரு வருஷம் முடிஞ்சும் வேகன்சி இல்ல, 1-11-2019லதான் வந்துச்சுன்னா டிபார் பதினாறு மாசத்துக்கு மேல ஆகுது. ரெண்டாவது எம்.ஏ.சி.பி. 1-3-2026க்கு வரவேண்டியது 2027 ஜூலை நடுவுக்குப் போயிடும். அதனால வேகன்சி வந்த தேதியை எழுத்துல வாங்கி வைங்க, இல்லைன்னா பின்னாடி அவங்க சொல்றதுதான் தேதி.

இன்னொண்ணு, முதல் கேஸ்ல "தகுதி வர்றதுக்கு முன்"னு இருக்கு, ரெண்டாவது கேஸ்ல "அப்கிரேடேஷன் கொடுக்கப்பட்ட பின்"னு இருக்கு. பத்து வருஷம் முடிஞ்சிருச்சு ஆனா ஆர்டர் இன்னும் வரலைங்கிற இடைவெளியில மறுப்பு லெட்டர் கொடுத்தீங்கன்னா அது தேவையில்லாத சண்டைக்கு இடம். 25-7-2016க்கு அப்புறம் பெஞ்ச்மார்க் வேற "வெரி குட்" ஆயிடுச்சு, ஏ.பி.ஏ.ஆர்.ல (வருஷா வருஷம் எழுதற வேலை மதிப்பீட்டு ரிப்போர்ட்) கிரேடிங் குறைஞ்சிருந்தா தேதி வந்தும் எம்.ஏ.சி.பி. வராம போகலாம். முடிஞ்சா எம்.ஏ.சி.பி. ஆர்டர் கையில வந்தப்புறம் யோசிங்க.

படி 4: பணம் எவ்வளவு போகுது

இதுக்கு ஃபோன் ஆப், ஆன்லைன் கால்குலேட்டர் எதையும் நான் நம்பறதில்ல, பாதி ஆப் ப்ரமோஷனையும் எம்.ஏ.சி.பி.யையும் ஒண்ணாவே போட்டுடுது. பே மேட்ரிக்ஸ் டேபிளை (லெவல் வாரியா சம்பளம் போட்ட அட்டவணை, அதுல ஒவ்வொரு கட்டமும் ஒரு செல்) ஒரே தாள்ல ப்ரின்ட் எடுத்து ஸ்கேல் வெச்சுப் பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை. நீளமா இருபது வருஷத்துக்குப் போடணும்னா எக்செல்.

எல்.டி.சி. (கீழ்நிலை கிளார்க்) ஒருத்தர், லெவல் 2, பேசிக் 26,000. எம்.ஏ.சி.பி. வந்தா அதே லெவல்ல ஒரு இன்கிரிமென்ட் போட்டா 26,800, லெவல் 3ல அதே செல் இருக்கு, அதனால 26,800. யு.டி.சி.யா (மேல்நிலை கிளார்க்) ப்ரமோஷன்ல போனா லெவல் 4, அங்க 26,800 இல்ல, அடுத்த செல் 27,100. ப்ரமோஷனை முன்னாடியே மறுத்து எம்.ஏ.சி.பி.யும் போனா 26,000லயே இருப்பார். ப்ரமோஷன்ல போறது எப்பவும் வேலைக்கான ஏணிப்படி லெவலுக்குப் போகும், எம்.ஏ.சி.பி. மேட்ரிக்ஸ்ல அடுத்த லெவலுக்கு மட்டும்தான் போகும், இதைப் பலபேர் கவனிக்கிறதே இல்ல.

800 ரூபாய்தானேன்னு விட்டுடாதீங்க, பேசிக் மேலதான் டி.ஏ., ஹெச்.ஆர்.ஏ. எல்லாம் ஓடுது, என்.பி.எஸ். பென்ஷன் திட்டத்துல உங்க 10 சதவீதமும் அரசோட 14 சதவீதமும் பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்த தொகை மேலதான், ரிட்டயர் ஆகற வரைக்கும் ஒரு செல் பின்னாடியே நடப்பீங்க. கூடவே சீனியாரிட்டி: உங்களுக்கு முன்னாடி ப்ரமோஷன்ல போன ஜூனியர் மேல் கிரேடுல உங்களுக்கு சீனியர் ஆயிடுவார். அவர் சம்பளம் உங்களைத் தாண்டினா ஸ்டெப்பிங் அப் (ஜூனியர் சம்பளத்துக்குச் சமமா உங்களுதை உயர்த்தறது) கேக்கவும் வழியில்ல, சீனியர் தானா மறுத்ததால வந்த வித்தியாசம் அனாமலி (முரண்பாடு) இல்லன்னு 4-11-1993 ஓ.எம்.ல எழுதியே வெச்சிருக்காங்க.

படி 5: லெட்டர்

என் அபிப்பிராயம், "வேணாம்"ங்கிற வார்த்தையைக் கடைசி வரைக்கும் எழுதாதீங்க. "ப்ரமோஷனை ஏத்துக்கிறேன், இந்தக் காரணத்தால இதே ஸ்டேஷன்ல போஸ்டிங் கொடுங்க" அல்லது "ஜாயின் பண்ண இவ்வளவு காலம் அவகாசம் கொடுங்க"ன்னு கேளுங்க, அது மறுப்பு ஆகாது. ஆனா ஆர்டரோட கடைசி பாராவைப் படிக்காம விடாதீங்க, இத்தனை நாளுக்குள்ள சேரலைன்னா மறுத்ததா எடுத்துக்குவோம்னு அதுல போட்டிருப்பாங்க, அந்தத் தேதிக்குள்ள பதில் வாங்கணும். மறுத்தே ஆகணும்னா தேதி போட்டு, காரணத்தோட எழுதி, டைரி நம்பர் (ஆபீஸ்ல வாங்கினதுக்கான பதிவு நம்பர்) போட்ட காப்பியை வாங்கி வீட்ல வைங்க. மறுப்பை ஏத்துக்கிட்ட ஆர்டரையும் வாங்குங்க, டிபார் எப்ப ஆரம்பிக்குதுன்னு அதை வெச்சுதான் பேச முடியும்.

அப்டேட்: கமென்ட்ல ஒரு சகோதரி கேட்டிருந்தாங்க, லெவல் 6ல இருந்து எம்.ஏ.சி.பி.ல லெவல் 7 வாங்கிட்டேன், இப்ப வந்திருக்கற ப்ரமோஷனும் லெவல் 7தான், மறுபடி ஃபிக்ஸேஷன் (சம்பளத்தை உயர்த்தி நிர்ணயிக்கறது) கிடையாதாமே, அப்ப போனா எனக்கு என்ன லாபம்னு. ஃபிக்ஸேஷன் கிடையாதுங்கிறது சரிதான்மா. ஆனா மறுத்தா இருபது வருஷத்து எம்.ஏ.சி.பி. தள்ளிப் போகும், அடுத்த போஸ்ட்டுக்கான சர்வீஸ் கணக்கும் ஆரம்பிக்காது. கைக்கு இன்னைக்கு வர்றது பூஜ்யம்னு மட்டும் பாக்காம அந்த ரெண்டையும் வெச்சு முடிவு பண்ணுங்க.

இன்னொரு அப்டேட்: டிபார் முடிஞ்சதும் தானா மறுபடி கன்சிடர் பண்ணுவாங்கன்னு நிறைய பேர் உக்காந்திருக்காங்க. எம்.ஏ.சி.பி. விதியில "சம்மதிக்கற வரைக்கும்"னு இருக்கறதால, டிபார் முடியற தேதிக்கு முன்னாடியே "அடுத்த டி.பி.சி.யில் என்னைப் பரிசீலிக்க சம்மதம்"னு (டி.பி.சி.ன்னா ப்ரமோஷன் முடிவு பண்ற கமிட்டி) ஒரு வரி லெட்டர் கொடுத்து, அதுக்கும் டைரி நம்பர் வாங்கிடுங்க.