நான்கு ஊர், பத்து இரவு: ஸ்காண்டிநேவியப் பயணத்தைக் கடைசி ஊரிலிருந்து திட்டமிடுங்கள்

டென்மார்க்கின் கோபன்ஹேகன், ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம், நார்வேயின் ஓஸ்லோ, பெர்கன். நானும் மனைவியும் ஒன்பது வயது மகளும் ஒரு ஜூலையில் போய்வந்த வழி இது. கேட்கிற நண்பர்களுக்கெல்லாம் தனித்தனியாக விளக்கி அலுத்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதிவைக்கிறேன். விமான டிக்கெட் வாங்குவதும் ஹோட்டல் அறை பிடிப்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. நான் தடுக்கி விழுந்த இடங்களைத்தான் சொல்லப்போகிறேன்.

படி 1: வட்டம் வேண்டாம், கோடு போதும்

இறங்கிய ஊருக்கே திரும்பிவந்து விமானம் ஏற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனாலும் முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் டிக்கெட் வாங்குகிறார்கள். பெர்கன் வரை போய்விட்டு மீண்டும் கோபன்ஹேகனுக்கு வருவதில் ஒரு முழு நாள் வீண். டிக்கெட் தேடும்போது 'போக, வர' என்பதை விட்டுவிட்டுப் 'பல நகரங்கள்' என்பதைத் தேர்ந்தெடுத்து, கோபன்ஹேகனில் இறங்கிப் பெர்கனில் ஏறுவதாகப் போட்டுப் பாருங்கள். விலை கொஞ்சம் கூடினாலும் ஒரு நாள் கைக்கு வருகிறது.

அடுத்து, நாட்களை எண்ணாதீர்கள், இரவுகளை எண்ணுங்கள். 'ஸ்டாக்ஹோமில் மூன்று நாள்' என்று எழுதினால், வந்து சேரும் நாளும் கிளம்பும் நாளும் அதற்குள் ஒளிந்துகொண்டு கடைசியில் ஒன்றரை நாள்தான் மிஞ்சும். நாங்கள் கோபன்ஹேகனில் இரண்டு, ஸ்டாக்ஹோமில் மூன்று, ஓஸ்லோவில் இரண்டு, பெர்கனில் மூன்று இரவுகள் தங்கினோம். பத்து இரவுக்கு நான்கு ஊரே அதிகம். இதில் ஹெல்சின்கியையும் சேர்க்கலாமா என்று கேட்காதீர்கள்.

இதற்கெல்லாம் நான்கைந்து பயணச் செயலிகளை முயன்று பார்த்துவிட்டு, மகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டுக்கே திரும்பினேன். ஒரு கட்டம் ஓர் இரவு. அழித்து எழுதப் பென்சில். இதைவிட நல்ல கருவியை இதுவரை நான் பார்க்கவில்லை.

படி 2: எது முதலில் நிரம்புமோ அதை முதலில் வாங்குங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். பொறுமையாகப் படியுங்கள்.

ஓஸ்லோவிலிருந்து பெர்கனுக்கு ரயிலில் ஏறத்தாழ ஏழு மணி நேரம். வழியில் ஃபின்சே நிலையம் 1222 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூலையிலும் அங்கங்கே பனி கிடக்கும். அதைத் தாண்டினால் மிர்தால். ஊர் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. மோட்டார் சாலைகூட நிலையம் வரை வருவதில்லை. ஆனால் அங்கிருந்துதான் ஃப்ளோம் மலை ரயில் பிரிகிறது. 20 கிலோமீட்டர் தூரத்தில் 860 மீட்டருக்கும் மேல் இறங்கிக் கடல் மட்டத்தைத் தொடும் பாதை. ஃப்ளோமிலிருந்து குட்வாங்கனுக்கு இரண்டு மணி நேரப் படகு. அது போகும் நேரோய் ஃபியோர்டு, 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த குறுகிய கடல்நீர்ப் பள்ளத்தாக்கு. குட்வாங்கனிலிருந்து வோஸ் ஊருக்குப் பஸ். வோஸிலிருந்து பெர்கனுக்கு மறுபடியும் ரயில். இவை அனைத்தையும் ஒரே நாளில் முடிக்கலாம்.

ஐந்து கண்ணிகள் கொண்ட சங்கிலி. நான் முதல் கண்ணியை முதலில் வாங்கினேன். இரண்டரை மாதங்களுக்கு முன்பே ஓஸ்லோ–மிர்தால் டிக்கெட் மலிவாகக் கிடைத்தது. பணம் திரும்பாத வகை. அந்தக் களிப்பில் ஒரு வாரம் சும்மா இருந்துவிட்டு ஃப்ளோம் ரயிலைத் தேடினால், எனக்கு வேண்டிய நேரத்து வண்டியில் மூன்று இருக்கைகள் இல்லை. ஃப்ளோம் துறைமுகத்துக்குப் பெரிய உல்லாசக் கப்பல்கள் வருகின்றன. அவற்றிலிருந்து இறங்குகிறவர்களும் இதே ரயிலில்தான் ஏறி இறங்குகிறார்கள். ஓஸ்லோ ரயிலில் ஆயிரம் பேருக்கு இடம் இருந்தாலும் என்ன பயன்? கழுத்து நெரியும் இடம் அந்த 20 கிலோமீட்டர்தான்.

மிர்தாலோடு நிற்கும் டிக்கெட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதே ரயிலுக்கு மிர்தாலிலிருந்து பெர்கன் வரை இன்னொரு டிக்கெட் வாங்கி, இறங்காமல் நேராகப் பெர்கன் போய்விட்டோம். மறுநாள் சங்கிலியைத் தலைகீழாகப் பிடித்தோம்: பெர்கனிலிருந்து வோஸ், அங்கிருந்து பஸ்ஸில் குட்வாங்கன், படகில் ஃப்ளோம், மலை ரயிலில் மேலே மிர்தால், மீண்டும் பெர்கன். எங்கள் நாளில் மாலையில் மேலே ஏறும் வண்டியில் இடம் தாராளமாக இருந்தது. பெட்டிகள் பெர்கன் ஹோட்டலிலேயே கிடந்தன. நான்கு முறை வண்டி மாறும் நாளில் 20 கிலோ பெட்டியை இழுக்காமல் இருப்பது எவ்வளவு நிம்மதி என்பதை, படிக்கட்டில் பெட்டியோடு போராடிய ஒரு குடும்பத்தைப் பார்த்தபோது உணர்ந்தேன்.

எனவே இப்போது யார் கேட்டாலும் நான் சொல்லும் வழி இதுதான். ஓஸ்லோவிலிருந்து போகிற போக்கில் ஃப்ளோமை முடிக்கப் பார்க்காதீர்கள். பெர்கனைத் தளமாக வைத்துக்கொண்டு ஒரு நாள் சுற்றாகப் போய்வாருங்கள். வாங்கும் வரிசை: ஃப்ளோம் ரயில், அப்புறம் படகு, அப்புறம் பஸ், கடைசியில் நீண்ட தூர ரயில்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகுப்பாகவும் விற்கிறார்கள். தனித்தனியாக வாங்கினால் நேரத்தை நம் விருப்பத்துக்கு அமைத்துக்கொள்ளலாம் என்பதால் நான் தொகுப்பின் பக்கம் போகவில்லை.

மலை ரயில் நடுவில் கியோஸ்ஃபோசென் அருவியின் எதிரே சில நிமிடங்கள் நிற்கும். எல்லோரும் இறங்கி மேடையில் நிற்க, நீர்த்திவலை முகத்தில் அடிக்க, பாறை மேல் சிவப்பு உடையில் ஒரு பெண் பாட்டுக்கு ஆடினாள். நார்வே நாட்டுப்புறக் கதைகளில் வரும் மோகினியாம். 'அப்பா, அந்த அக்காவுக்குக் குளிராதா?' என்றாள் மகள். எனக்கும் அதே கவலைதான்.

படி 3: எந்த நாட்டில் விசா கேட்பது?

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கான படி இது. டென்மார்க், ஸ்வீடன், நார்வே மூன்றும் ஷெங்கன் (தங்களுக்குள் பொதுவான விசா வைத்திருக்கும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) நாடுகள்; ஒரே விசா போதும். முதலில் இறங்கும் நாட்டிடம் கேட்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். அப்படியல்ல. அதிக நாட்கள் தங்கப்போகும் நாட்டிடம் கேட்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால்தான் முதலில் நுழையும் நாடு. எங்கள் நோட்டில் டென்மார்க் இரண்டு, ஸ்வீடன் மூன்று, நார்வே ஐந்து, ஆகவே நார்வே. கட்டங்களை நிரப்பாமல் விசா வேலையைத் தொடங்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

படி 4: ஊர்விட்டு ஊர்

கோபன்ஹேகன்–ஸ்டாக்ஹோம் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். ஸ்டாக்ஹோம்–ஓஸ்லோ ஐந்திலிருந்து ஆறு. இரண்டிலும் ரயிலே என் தேர்வு. விமானம் ஒரு மணி நேரம்தான் பறக்கும். ஆனால் விமான நிலையம் போவது, காத்திருப்பது, பெட்டிக்கு நிற்பது என்று அரை நாள் போய்விடும். ரயில் ஊரின் நடுவில் இறக்கிவிடும். முதல் ரயிலில், டென்மார்க்கையும் ஸ்வீடனையும் இணைத்து 2000-இல் திறந்த ஓரெசுண்ட் பாலத்தைக் கடப்பது இலவச இணைப்பு. மூன்றே பயணங்களுக்கு, பல ஐரோப்பிய நாட்டு ரயில்களுக்கும் பொதுவான யூரெயில் பாஸ் வாங்குவது வீண் என்பது என் கணக்கு. ஃப்ளோம் ரயிலில் அதைக் காட்டினால் தள்ளுபடி மட்டும்தான்.

ஒரு எச்சரிக்கை. அங்கே தண்டவாள வேலைகளைக் கோடையில்தான் செய்வார்கள். சில நாட்களில் பாதையின் ஒரு பகுதியைப் பஸ்ஸில் கடக்க வேண்டியிருக்கும். டிக்கெட் வாங்குமுன் பயண விவரத்தைத் திறந்து 'பஸ்' என்ற சொல் எங்காவது எட்டிப்பார்க்கிறதா என்று பாருங்கள்.

நார்வேக்கு எந்துர் என்ற செயலி ஒன்றே போதும். ரயில், பஸ், படகு எல்லாம் அதில் வரும். வானிலைக்கு, ஆங்கிலத்தில் ஒய், ஆர் என்ற இரண்டே எழுத்துகளைப் பெயராகக் கொண்ட நார்வேஜியச் செயலி. அந்தச் சொல்லுக்குத் தூறல் என்று பொருள். பெர்கனில் மூன்று நாளும் பெயர் பொய்க்கவில்லை. குடை வேண்டாம், காற்றில் நிற்காது. தொப்பியுள்ள மழைச் சட்டை எடுத்துப்போங்கள்.

படி 5: தேதியில் ஒரு கண்ணிவெடி

முதலில் நாங்கள் ஜூன் மூன்றாம் வாரத்தைத்தான் நினைத்திருந்தோம். ஸ்டாக்ஹோமில் வீடு வாடகைக்குத் தரவிருந்தவர், 'நீங்கள் வருவது மிட்சம்மர் அன்று. சாப்பாட்டுச் சாமான்களை முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதியபோதுதான் விழித்துக்கொண்டேன். ஜூன் 19-க்கும் 25-க்கும் இடையில் வரும் வெள்ளிக்கிழமை அங்கே நம் பொங்கலைப் போல. பலர் ஊரைவிட்டுக் கிராமத்துக்கும் தீவுக்கும் போய்விடுவார்கள். பல கடைகளுக்குப் பூட்டு. 2026-இல் அது ஜூன் 19, 2027-இல் ஜூன் 25. ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் பூக்கம்பம் நட்டு ஆடுவதைப் பார்க்க வேண்டும் என்றால் அன்றே போகலாம். இல்லையென்றால் தள்ளிப்போடுங்கள்.

கோடையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். கண்பட்டை இல்லாமல் குழந்தை தூங்காது, நீங்களும்தான்.

படி 6: மூன்று காசு, ஒரு அட்டை

மூன்று நாட்டுப் பணத்துக்கும் பெயர் குரோனர் போலத்தான் ஒலிக்கும். மதிப்பு வேறு, ஒரு நாட்டு நோட்டு இன்னொரு நாட்டில் செல்லாது. ரொக்கம் மாற்றவே வேண்டாம். ஸ்டாக்ஹோம் பஸ்ஸில் ரொக்கம் வாங்கவே மாட்டார்கள். அட்டையைக் காட்டித் தட்டினால் சரி. கருவி 'ரூபாயிலா, குரோனரிலா?' என்று கேட்டால் எப்போதும் குரோனர். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தில் நம்மை மொட்டையடிக்கும். நாங்கள் கண்ட ஒரே ரொக்கம், கோபன்ஹேகனில் மகளுக்குக் கிடைத்த நடுவில் ஓட்டை போட்ட டேனிஷ் நாணயம். நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டே நார்வே வரை வந்தாள்.

உணவகத்தில் மூன்று வேளையும் சாப்பிட்டால் சொத்தை எழுதிக்கொடுக்க வேண்டிவரும். சமையலறை உள்ள இடமாகப் பிடியுங்கள். ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் பெட்டியில் இருக்கட்டும். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். காலி பிளாஸ்டிக் பாட்டில்களை எறியாதீர்கள். பல்பொருள் அங்காடி வாசலில் உள்ள இயந்திரத்தில் போட்டால் முன்பணம் திரும்பக் கிடைக்கும்.

காசில்லாமல் பார்ப்பவை ஓஸ்லோவில் அதிகம்: ஓபரா மாளிகையின் சாய்ந்த கூரை மேல் நடப்பது, விகெலாண்ட் சிற்பப் பூங்கா. காசு கொடுத்தே ஆக வேண்டியது ஸ்டாக்ஹோமின் வாசா கப்பல். 1628-இல் முதல் பயணத்திலேயே துறைமுகத்தைத் தாண்டாமல் மூழ்கி, 1961-இல் தூக்கி எடுத்த கப்பல். அதன் எதிரே நின்றபோது என் மிர்தால் டிக்கெட் அவ்வளவு பெரிய தவறாகத் தோன்றவில்லை.

பின்சேர்க்கை 1: கோபன்ஹேகனிலிருந்து பாலத்துக்கு அப்பால் ஸ்வீடனில் உள்ள மால்மோவுக்கு அரை நாள் போன ஒரு வாசகர், பாஸ்போர்ட்டை அறையிலேயே விட்டுவிட்டு ஸ்வீடன் பக்கத்து முதல் நிலையமான ஹில்லியில் சோதனையில் மாட்டிக்கொண்டிருக்கிறார். ஷெங்கனுக்குள்தானே என்று அலட்சியம் வேண்டாம். அங்கே ரயிலில் ஏறிச் சரிபார்ப்பது உண்டு. பாஸ்போர்ட் உடம்போடு இருக்கட்டும்.

பின்சேர்க்கை 2: ஓஸ்லோவிலிருந்து வடதுருவப் பகுதித் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டுக்கும் போய்வர நினைக்கிறேன் என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அது நார்வேயின் ஆட்சியில் இருந்தாலும் ஷெங்கனுக்கு வெளியே. ஒருமுறை மட்டும் நுழையும் விசாவில் போனால் ஓஸ்லோவுக்குத் திரும்பி நுழைய முடியாது. விண்ணப்பத்திலேயே இருமுறை நுழைவு கேளுங்கள்.