எந்த ஃபோர்டு? கதையைப் படிப்பதிலும் ஓனர் சொல்வதைக் கேட்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் சித்தப்பா மகன் போன் செய்தான். "அண்ணே, ஒரு ஃபோர்டு வந்திருக்கு, செகண்ட்ஸ். வாங்கலாமா?"

"என்ன மாடல்?"

"ஈகோஸ்போர்ட்."

"எந்த வருஷம்? பெட்ரோலா டீசலா? கியர் மேனுவலா ஆட்டோமேட்டிக்கா?"

"அதெல்லாம் கேக்கலண்ணே. ஃபோர்டு நல்லாருக்குமா, நல்லாருக்காதா? அதச் சொல்லு."

ஒரு வாரமாக இணையத்தில் உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறான். ஒருத்தர் "இரும்புக் கோட்டை" என்கிறார், இன்னொருத்தர் "மெக்கானிக் வீட்டில் வாடகைக்குக் குடியேறிவிடுங்கள்" என்கிறார். அமெரிக்காவில் இந்தச் சண்டை பல தலைமுறையாக நடக்கிறது. ஃபோர்டு என்ற பெயரின் நான்கு ஆங்கில எழுத்தையும் விரித்து 'ஃபிக்ஸ் ஆர் ரிப்பேர் டெய்லி', அதாவது தினமும் ரிப்பேர், என்று ஒரு கோஷ்டி கிண்டல் செய்யும். 'ஃபர்ஸ்ட் ஆன் ரேஸ் டே', ரேஸில் முதலிடம், என்று மற்றக் கோஷ்டி பதில் கொடுக்கும். இரண்டு கோஷ்டியும் செய்வது ஒரே தவறுதான். 120 வருஷக் கம்பெனியை, நூற்றுக்கணக்கான மாடல்களை, ஒரே ஆள் மாதிரி நினைத்து நல்லவனா கெட்டவனா என்று தீர்ப்பு எழுதுகிறார்கள்.

முதலில் கதையில் வரும் தவறுகளைப் பார்த்துவிடலாம். ஹென்றி ஃபோர்டு காரைக் கண்டுபிடிக்கவில்லை. கார்ல் பென்ஸ் ஜெர்மனியில் காப்புரிமை வாங்கியது 1886-ல். ஃபோர்டு தன் முதல் வண்டியை 1896-ல் டெட்ராய்ட்டில் ஒரு கொட்டகையில் செய்தார். செய்து முடித்த பிறகுதான் வாசலைவிட வண்டி அகலம் என்று தெரிந்தது. கோடாலியால் சுவரை இடித்து வெளியே எடுத்தார். அவருடைய முதல் கம்பெனி 1901-ல் மூடப்பட்டது. இரண்டாவதிலிருந்து 1902-ல் அவரே வெளியேறினார், அதுதான் பிறகு காடிலாக் ஆனது. இன்று நாம் ஃபோர்டு என்று சொல்வது 1903 ஜூன் 16-ல் தொடங்கிய மூன்றாவது முயற்சி. "மக்களிடம் கேட்டிருந்தால் இன்னும் வேகமான குதிரை கேட்டிருப்பார்கள்" என்ற வசனம் ஒவ்வொரு தொழில்முனைவோர் கூட்டத்திலும் அவர் பெயரில் ஓடுகிறது. அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் எதுவும் கிடைத்ததில்லை. மாடல் டி காரை "எந்த நிறத்தில் வேண்டுமானாலும் வாங்கலாம், கறுப்பாக இருந்தால் போதும்" என்று அவர் சொன்னதாக ஓடும் கறுப்பு நிறக் கதை பாதி சரி. 1914 முதல் 1925 வரைதான் மாடல் டி கறுப்பு மட்டும். 1908-ல் வந்த புதிதில் பச்சை, சிவப்பு என்று வேறு நிறங்களில் ஓடியிருக்கிறது.

ஐந்து டாலர் கூலிக் கதையில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இதைத்தான் அதிகம் தப்பாகச் சொல்கிறார்கள். "என் தொழிலாளியே என் காரை வாங்க வேண்டும்" என்ற பெரிய மனசால் கூலியை இரட்டிப்பாக்கினார் என்பது பிரபலமான வடிவம். நடந்தது வேறு. 1913-ல் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் அசெம்பிளி லைன் வந்தது. ஒரு வண்டியைப் பூட்டி முடிக்க 12 மணி நேரத்துக்கு மேல் ஆனது, ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைந்தது. கம்பெனிக்குக் கொண்டாட்டம். ஆனால் நாள் முழுக்க நின்ற இடத்தில் ஒரே நட்டை முடுக்கிக்கொண்டிருந்தவனுக்கு? ஆட்கள் கூட்டம் கூட்டமாக வேலையை விட்டுப் போனார்கள். அந்த ஒரு வருஷத்தில் ஆள் மாற்றம் 370 சதவீதம், அதாவது 100 இடத்தை நிரப்பி வைக்க 370 பேரை எடுக்க வேண்டியிருந்தது. அதனால்தான் 1914 ஜனவரியில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து டாலர் கூலி.

அதுவும் எல்லோருக்கும் சும்மா கிடைத்துவிடவில்லை. அதில் பாதிக்கு அருகில் லாபப் பங்கு என்ற கணக்கு. அதை வாங்க ஒழுக்கமாக வாழ்கிறோம் என்று காட்ட வேண்டும். கம்பெனியின் 'சமூகவியல் துறை' ஆட்கள் நோட்டுப் புத்தகத்தோடு தொழிலாளி வீட்டுக்கு வந்து, குடிக்கிறானா, காசு சேர்க்கிறானா, வீடு சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொண்டு போனார்கள். கூலி உயர்ந்தது உண்மை, வீட்டுக்குள் கம்பெனி நுழைந்ததும் உண்மை. அதே மனிதர் 1920-களில் தன் சொந்தப் பத்திரிகையில் யூத வெறுப்பைத் தொடராக அச்சிட்டார், 1927-ல் மன்னிப்புக் கேட்டார். 1937 மே மாதம் ரூஜ் ஆலை வாசலில் துண்டுப் பிரசுரம் கொடுக்க வந்த சங்கத்துக்காரர்களைக் கம்பெனி அடியாட்கள் புரட்டி எடுத்தார்கள். இதில் எதை எடுத்துக்கொண்டாலும், ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் தப்புதான்.

அடுத்து பிண்டோ, 1970-களில் ஃபோர்டு விற்ற சின்னக் கார். வணிக அறம் பற்றிய வகுப்புகளில் அடிக்கடி வரும் கதை இது: பெட்ரோல் டேங்க் வெடிக்கும் என்று தெரிந்தும், ஒரு வண்டிக்கு 11 டாலர் செலவா, செத்தவர்களுக்கு நஷ்டஈடா என்று கணக்குப் போட்டு, நஷ்டஈடே மலிவு என்று கம்பெனி முடிவு செய்தது. அந்தக் கணக்குத் தாள் உண்மையில் இருக்கிறது. ஆனால் அது பிண்டோவைப் பற்றியது அல்ல. அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கம்பெனி வண்டிகளையும் சேர்த்து, வண்டி கவிழ்ந்து உருளும்போது பெட்ரோல் கசிவதைத் தடுக்கும் ஒரு விதிமுறை குறித்து, அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்புக்குக் கொடுத்தது. ஒரு உயிருக்கு 2 லட்சம் டாலர் என்ற விலையும் அந்த அரசு அமைப்பே போட்ட மதிப்பு. பின்னாலிருந்து மோதினால் தீப்பிடிப்பது பற்றி அந்தத் தாளில் பேச்சே இல்லை.

அப்படியென்றால் கம்பெனி உத்தமமா என்று தாவுவது எதிர்ப்பக்கத் தவறு. டேங்க் பின் அச்சுக்குப் பின்னால் இருந்ததும், பின்னாலிருந்து இடித்தால் அச்சின் பக்கமிருந்த போல்ட்டுகள் அதைக் குத்திக் கிழிக்க வாய்ப்பு இருந்ததும் உண்மை. 1978-ல் கலிஃபோர்னியா ஜூரி தண்டனைத் தொகையாக 12.5 கோடி டாலர் தீர்ப்புச் சொன்னது, நீதிபதி அதை 35 லட்சமாகக் குறைத்தார். அதே வருஷம் சுமார் 15 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. வண்டியின் குறை நிஜம், அதற்குச் சாட்சியாகக் காட்டப்படும் தாள்தான் வேறு.

2008 நெருக்கடி பற்றியும் இதே மாதிரி ஒரு பாதிக்கதை உண்டு. "ஃபோர்டு மட்டும் அரசிடம் ஒரு பைசா வாங்கவில்லை" என்பார்கள். ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவாலானபோது ஃபோர்டு ஆகவில்லை, மீட்பு நிதியும் வாங்கவில்லை. சரி. காரணம், 2006 கடைசியிலேயே ஆலைகள், காப்புரிமைகள், அந்த நீல முட்டைச் சின்னம் வரைக்கும் அடமானம் வைத்து 2,360 கோடி டாலர் கடன் திரட்டிவிட்டது. வீட்டுப் பத்திரத்தோடு குலதெய்வப் படத்தையும் அடகு வைத்த மாதிரி. பிறகு 2009-ல் எரிபொருள் சிக்கன வண்டிகளுக்காக அரசின் எரிசக்தித் துறையிடம் 590 கோடி டாலர் கடனும் வாங்கியது. அது இனாம் இல்லை, கடன். 2022-ல்தான் கட்டி முடித்தது.

நம் ஊர் வாட்ஸ்அப்பில் தவறாமல் சுற்றும் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ரத்தன் டாடாவை டெட்ராய்ட்டில் ஒரு கூட்டத்தில் ஃபோர்டு ஆட்கள் அவமானப்படுத்தினார்கள், அவர் ஃபோர்டு கையிலிருந்த ஜாகுவார் லேண்ட் ரோவரை வாங்கிப் பழிதீர்த்தார். 2008-ல் 230 கோடி டாலருக்கு வாங்கியது உண்மை. அந்தக் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்பது டாடா தரப்பில் இருந்த ஒருவர் பல வருஷம் கழித்துச் சொன்னது. ஃபோர்டு அப்போது காசுக்காக எல்லாவற்றையும் விற்றுக்கொண்டிருந்தது. ஆஸ்டன் மார்ட்டின் 2007-லேயே போயிருந்தது, வோல்வோ 2010-ல் சீனாவின் ஜீலிக்குப் போனது. பழிவாங்கும் கதை சுவையாக இருக்கிறது, அதனால் நிற்கிறது.

இனி ஓனர்கள். அமெரிக்காவில் ஃபோர்டுக்கு வந்த ஓனர் பாராட்டுகளிலேயே புகழ்பெற்ற ஒன்று 1934 ஏப்ரலில் டல்சாவிலிருந்து வந்த கடிதம். ஹென்றி ஃபோர்டுக்கு நேராக எழுதியது. வி-8 வண்டியின் வேகத்தையும் உழைப்பையும் வானளாவப் புகழ்கிறது. கையெழுத்து: கிளைட் பாரோ. போனி-கிளைட் ஜோடியில் அந்தக் கிளைட்தான், வங்கிக் கொள்ளைக்காரர். அந்தக் கையெழுத்து அவருடையதுதானா என்பதில் இன்றும் சந்தேகம் இருக்கிறது. அவருடையதே என்று வைத்துக்கொண்டாலும் அவர் ஓனர் இல்லை, ஓட்டியதெல்லாம் திருட்டு வண்டி. ஆறு வாரம் கழித்து அப்படித் திருடிய ஒரு ஃபோர்டு வி-8-ல்தான் போலீஸ் அவரைச் சுட்டுக் கொன்றது. பிரேக் டிரம் எத்தனை மைல் தாங்கும், மூன்றாவது வருஷம் துரு பிடிக்குமா என்பதெல்லாம் அவர் கவலையே இல்லை.

ஒரு கருத்தைப் படிக்கும்போது, எழுதியவர் வண்டியோடு எத்தனை நாள் வாழ்ந்தார் என்று முதலில் பாருங்கள். டெலிவரி எடுத்த அன்று பூமாலையும் எலுமிச்சம்பழமுமாகப் படம் போட்டு எழுதுவது மகிழ்ச்சி, அது விமர்சனம் ஆகாது. ஜே.டி. பவர் நிறுவனத்தின் சர்வேக்களைக் காட்டுகிறவர்களும் இங்கே சறுக்குகிறார்கள். அவர்களுடைய ஆரம்பத் தர சர்வே வண்டி வாங்கி 90 நாளில் வந்த பிரச்சினைகளைக் கேட்பது. உழைப்பைச் சொல்வது வேறு சர்வே, அது மூன்று வருஷ வண்டிகளைப் பற்றியது. பழைய வண்டி வாங்கப் போகிறவனுக்கு முதல் பட்டியலால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ரீகால் எண்ணிக்கையும், அதாவது குறையைச் சரிசெய்யக் கம்பெனி வண்டிகளைத் திரும்ப அழைக்கும் கணக்கும், அப்படித்தான். 2025-ல் ஃபோர்டு ஒரே வருஷத்தில் 100-க்கும் மேற்பட்ட ரீகால்களை அமெரிக்காவில் அறிவித்து, எந்தக் கம்பெனிக்கும் இல்லாத எண்ணிக்கையைத் தொட்டது. உடனே "பார்த்தீர்களா, குப்பை" என்கிறார்கள். ஒரு ரீகாலில் சில நூறு வண்டியும் இருக்கலாம், பத்து லட்சமும் இருக்கலாம். சாஃப்ட்வேர் திருத்தமும் அதே கணக்கில்தான் வரும். அதற்காக "நிறைய ரீகால் என்றால் நேர்மை" என்ற சப்பைக்கட்டையும் நான் நம்புவதில்லை. 2024 நவம்பரில் ரீகாலைத் தாமதப்படுத்தியதற்காக இதே கம்பெனிக்கு அமெரிக்க அரசு 16.5 கோடி டாலர் அபராதம் போட்டது. மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு, நீங்கள் வாங்கப் போகும் வண்டியின் சேஸிஸ் நம்பரைச் சொல்லி, பாக்கி வேலை ஏதாவது இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

இதையெல்லாம்விடக் காசைக் கரைக்கும் தவறு, பெயரைப் பார்த்து ஏமாறுவது. அமெரிக்கர் "என் ஃபோர்டு 3 லட்சம் மைல் ஓடிவிட்டது" என்றால் பெரும்பாலும் எஃப்-சீரிஸ் பிக்கப்பைச் சொல்கிறார். அதற்கும் நம் ஃபிகோவுக்கும் சின்னம் மட்டுமே உறவு. ஃபியஸ்டா இன்னும் மோசம். 2005-ல் இங்கே வந்த ஃபியஸ்டா வேறு, 2011-ல் வந்த ஃபியஸ்டா வேறு. பழையது ஃபியஸ்டா கிளாசிக் என்று பெயர் மாற்றி அதன் கூடவே விற்றது. ஐரோப்பாவில் ஃபியஸ்டா என்று ஓடிய பழைய தலைமுறையின் அடித்தளத்தில்தான் 2010 ஃபிகோவைச் செய்தார்கள். "ஃபியஸ்டா ஓனர் ரிவ்யூ" என்று தேடினால் இத்தனையும் ஒரே குழம்பாக வரும்.

ஈகோஸ்போர்ட் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-ல் வந்ததில் இருப்பது டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ். அமெரிக்காவில் ஃபோகஸ், ஃபியஸ்டா ஓனர்கள் கூட்டாக வழக்குப் போட்ட 'பவர்ஷிஃப்ட்' என்ற கியர்பாக்ஸ் குடும்பம். உள்ளே நடப்பது இது: சாதாரண மேனுவல் வண்டியில் இருப்பதுபோல உலர்ந்த கிளட்ச் தட்டுகள், ஆனால் இரண்டு ஜோடி, அழுத்தி விடுவது கம்ப்யூட்டர். காலியான ரோட்டில் வெண்ணெய். சிக்னலில் ஊர்ந்து போகும்போது கம்ப்யூட்டர் அரைக் கிளட்சிலேயே வைத்திருக்கும். தட்டு சூடாகும், தேயும். அமெரிக்க வண்டிகளில் சீல் வழியாக எண்ணெய் கசிந்து உலர்ந்திருக்க வேண்டிய தட்டில் படிந்ததும் உண்டு, அப்போது கிளம்பும்போதெல்லாம் வண்டி கடகடவென்று அதிரும். 2017 கடைசியில் வந்த புது ஈகோஸ்போர்ட்டில் இதைத் தூக்கிவிட்டு டார்க் கன்வெர்ட்டர், அதாவது கிளட்ச் தட்டுக்குப் பதிலாக எண்ணெய் வழியாக இன்ஜின் சக்தியைக் கடத்தும் அமைப்பு, வைத்தார்கள். அது முற்றிலும் வேறு சாமான். ஆனால் ரிவ்யூக்களில் இரண்டுக்கும் ஒரே பெயர், "ஈகோஸ்போர்ட் ஆட்டோமேட்டிக்". அதே வண்டியின் 1.0 ஈகோபூஸ்ட் பெட்ரோல் இன்ஜினில் டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் பெல்ட், எண்ணெயில் நனைந்தே ஓடும். தப்பான ஆயில் ஊற்றியோ, மாற்றாமலே விட்டோ ஓட்டிய வண்டியில் பெல்ட் உரிந்து ஆயில் பாதையை அடைக்கும். ஆகவே அங்கே கேட்க வேண்டியது ஆயில் மாற்றிய பில்.

டூயல் கிளட்ச் வண்டியைப் பார்க்கப் போனால் பைபாஸில் ஓட்டிப் பார்த்துவிட்டு வராதீர்கள். புரோக்கர் அங்கேதான் கூட்டிப் போவார். சாயங்காலம் பல்லாவரம் நெரிசலில் ஏ.சி. போட்டு அரை மணி நேரம் ஊர்ந்து பாருங்கள்.

"கம்பெனியே போய்விட்டது, ஸ்பேர் கிடைக்காது" என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாகத்தான் அறிவித்தார்கள், சர்வீஸையும் உதிரி பாகத்தையும் தொடர்வதாகவே சொன்னார்கள். உங்கள் ஊரில் சென்டர் திறந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி, அதற்கு ஒரு போன் போதும். எதிர்த்திசையில், சென்னை அருகே உள்ள ஃபோர்டு ஆலையைக் காட்டி, "மறைமலை நகர் திரும்பத் திறக்குது சார், விலை ஏறும்" என்று இருபதாயிரம் கூட்டிக் கேட்கிறார்கள். அந்த ஆலைக்கு இப்போது அறிவித்திருப்பது ஏற்றுமதிக்கான இன்ஜின் உற்பத்தி. உங்கள் 2014 வண்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சித்தப்பா மகனிடம் ஆர்.சி. புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்தது: 2016, டீசல். அதில் மேனுவல் கியர்தான் உண்டு. டூயல் கிளட்சும் இல்லை, ஈகோபூஸ்டும் இல்லை.

"அப்ப நான் ஒரு வாரமாப் படிச்சது?"

"வேற வண்டியப் பத்தி."

இந்த டீசலுக்கும் டைமிங் பெல்ட் உண்டு. அதை மாற்றிய பில் இருக்கிறதா என்று புரோக்கரிடம் கேட்டிருக்கிறான். இன்னும் பதில் வரவில்லை.