வன்னி வானில் ஒரு மாறும் விண்மீனை அளத்தல்: செயன்முறை மாணவர்க்கு ஒரு கைநூற்குறிப்பு

வானவியல் செயன்முறைப் பாடத்துக்கு வரும் மாணவர் பலர் பால்வீதியை அழகாகப் படம் பிடிக்கும் ஆசையுடனேயே வருகின்றனர். அந்த ஆசை நல்லதே. ஆனால் செயன்முறைப் பதிவேட்டில் எழுதவேண்டியவை ஒரு விண்மீனின் தோற்றப் பருமனும் (நமக்குத் தெரியும் ஒளிர்வின் அளவு; எண் சிறிதானால் ஒளி கூடுதல்) அதன் வழுவும் ஆகிய இரண்டு எண்கள்தாம். இலங்கையின் வன்னியில், வவுனியாவின் பம்பைமடுவிலோ கிளிநொச்சியின் அறிவியல் நகரிலோ உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கும் ஒருவருக்குத் தொலைநோக்கி இல்லாமலே, 50 மில்லிமீற்றர் வில்லை பூட்டிய சாதாரணக் கமராவும் முக்காலியும் கொண்டு அவற்றைப் பெறலாம்.

முதல் இலக்காக, கழுகு விண்மீன் குழுவிலுள்ள ஈட்டா அக்குயிலேயைப் பரிந்துரைக்கிறேன். 1784 இல் எட்வர்ட் பிகொட் வெறுங்கண்ணால் கண்டறிந்த இந்தச் செபீட் மாறுவிண்மீன் (சீராக விரிந்து சுருங்குவதால் ஒளி மாறுவது), ஏறத்தாழ 7.177 நாள்களுக்கு ஒருமுறை பருமன் 3.5 இற்கும் 4.4 இற்கும் இடையே மங்கித் துலங்குகிறது. நம் திருவோண நட்சத்திரத்தின் நடு விண்மீனிலிருந்து நேர் தெற்கே, நீட்டிய கையின் ஒரு முட்டி அகலத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் அதைக் காணலாம். செப்டெம்பர் தொடக்கத்தில் இரவு 9 மணியளவில் அது வன்னியில் உச்சிக்கு மிக அருகில் நிற்பதால், அடிவானத்துப் புழுதியும் ஈரமும் அளவீட்டைக் கெடுப்பது குறைவு. மாரி தொடங்குமுன் முடித்துவிட வேண்டிய வேலை இது.

இடத்தைப் பகலிலேயே பார்த்து வையுங்கள். யானை நடமாட்டம் உள்ள காட்டோரங்களையும், கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிப்படாத நிலங்களையும் எவ்வளவு இருட்டாக இருந்தாலும் தவிர்க்க வேண்டும். விடுதி மைதானத்தின் இருண்ட மூலை இந்த விண்மீனுக்குத் தாராளமாகப் போதும்.

கமராவை ரோ (RAW) வடிவில், அதாவது உணரியின் எண்களை மாற்றாமல், பதியுமாறு வைத்து, குவியத்தைச் சற்றே கலைத்து, 5 செக்கன் வீதம் இருபது படங்கள் எடுக்கவும். குவியம் கலைந்தால் ஒளி பல படப்புள்ளிகளில் பரவி, எதுவும் நிரம்பி வழியாது. 14 பிற்றுக் கமராவில் ஒரு புள்ளியின் உச்ச எண் 16383. விண்மீனின் நடுப்புள்ளி 10000 ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பாதுகாப்பானது. பின் வில்லையை மூடி, அதே நேர அளவிலும் அதே ஐஎஸ்ஓ (ISO, ஒளியுணர்திறன்) அளவிலும் இருட்டுப் படங்களை அந்த இடத்திலேயே எடுக்கவும். நம் வெக்கை இரவுகளில் உணரியின் வெப்ப இரைச்சல் கூடுதல் என்பதால், மறுநாள் குளிரூட்டிய அறையில் எடுத்த இருட்டுப் படம் பொருந்தாது. விடியற்காலையில், குவியத்தை மாற்றாமல், வில்லையின்மேல் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி வானை நோக்கிச் சமதளப் படங்கள் எடுத்தால், ஓரங்களின் மங்கலையும் தூசிப் புள்ளிகளையும் நீக்கலாம்.

கணினியில், சிரில் போன்ற இலவச மென்பொருளால் இருட்டுப் படத்தைக் கழித்து, சமதளப் படத்தால் வகுத்து, பச்சை நிறத் தடத்தை மட்டும் பிரித்தெடுக்கவும். விண்மீனைச் சுற்றி ஒரு வட்டமும், வான ஒளியைக் கழிப்பதற்கு வெளியே ஒரு வளையமும் இட வேண்டும். இப்பகுதி பால்வீதியோரம் ஆதலால், வளையத்துக்குள் மங்கிய விண்மீன்கள் நுழைந்திருக்கின்றனவா என்று பெருப்பித்துப் பாருங்கள். மாணவர் பெரும்பாலும் தவறவிடும் இடம் இதுவே.

ஒப்பீட்டுக்கு அருகிலுள்ள பீற்றா அக்குயிலேயை, பருமன் 3.71, எடுத்துக்கொள்ளலாம். வான ஒளியைக் கழித்தபின் வட்டத்துக்குள் மிஞ்சும் ஒளி எண்ணிக்கை ஈட்டாவுக்கு 42000 உம் பீற்றாவுக்கு 50000 உம் கிடைத்தால் விகிதம் 0.84, அதன் மடக்கையை −2.5 ஆல் பெருக்க 0.19 வரும், எனவே ஈட்டாவின் பருமன் 3.90. இருபது படங்களிலும் தனித்தனியே கணித்து, நியம விலகலைப் படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் சராசரியின் வழு கிடைக்கும். ஐயோற்றா அக்குயிலேயையும் இதேபோல் அளந்து வாருங்கள். மாறக்கூடாத அதுவும் இரவுக்கிரவு ஆடுமாயின், ஈட்டாவின் எண்ணையும் நம்பக்கூடாது.

நேரத்தை உலக நேரத்துக்கு மாற்ற 5 மணி 30 நிமிடம் கழித்து, பின் யூலியன் நாளாக (வானவியலாளர் தொடர்ச்சியாக எண்ணிவரும் நாள் எண்) எழுதவும். யூலியன் நாள் நமக்கு மாலை 5.30 இற்கே மாறுவதால் ஓர் இரவு முழுவதும் ஒரே நாள் எண்ணுக்குள் அடங்கிவிடும் என்பது நமக்கு வாய்த்த வசதி. பல இரவுகளின் அளவீடுகளை 7.177 நாளுக்குள் மடித்து, அதாவது எல்லாவற்றையும் ஒரே சுற்றுக்குள் கொண்டுவந்து, வரைந்தால், விரைந்து ஏறி மெல்ல இறங்கும் வளைவு தெரியும். வழுக் கோடுகளுடன் அவ்வளைவைச் சமர்ப்பித்தபின், 1911 முதல் இயங்கும் அமெரிக்க மாறுவிண்மீன் அவதானிப்பாளர் சங்கத்தின் தரவுத்தளத்துக்கும் அனுப்பலாம். எந்த நாட்டவரும் அனுப்பலாம், ஆனால் ஒப்பீட்டு விண்மீனின் பெயரையும் வழுவையும் குறிப்பிட மறக்கக்கூடாது.