பாஸ் ஏறினால் ஆம்ப் அணைகிறதா? ஓம் கணக்கைப் பாருங்கள்

வால்யூமைக் கூட்டினால் என் ஆம்பில் (ஆம்ப்ளிஃபயர்) புரொடெக்ட் என்ற பாதுகாப்பு விளக்கு எரிந்து பாஸ் நின்றுவிடும். சப்ஊஃபர் (பாஸ் ஸ்பீக்கர்) இரண்டு, ஒவ்வொன்றிலும் 4 ஓம் மின்தடை உள்ள காயில் (கம்பிச் சுருள்) இரண்டு. நான்கும் பேரலலில் இருந்ததால் மொத்தம் 1 ஓம். மோனோ (ஒற்றைச் சேனல்) ஆம்ப் தாங்குவதோ குறைந்தது 2 ஓம்; அதற்குக் கீழே போனால் மின்னோட்டம் கூடி, ஆம்ப் தன்னைக் காக்க அணைந்துவிடும்.

ஒவ்வொரு சப்ஊஃபரின் காயில்களையும் சீரிஸில் போட்டேன்: 8 ஓம். பிறகு இரண்டையும் பேரலலில்: 4 ஓம். மல்ட்டிமீட்டர் 3.5 போலக் காட்டும். மீட்டர் அளப்பது டிசி மின்தடையை, அது அப்படிக் குறைவாகத்தான் இருக்கும். இதே ஜோடியில் நான்கு காயிலுக்கும் பவர் சமமாகப் போகும்படி 2 ஓம் கொண்டுவர முடியாது. அதற்கு 2 ஓம் இரட்டைக் காயில் வேண்டும்.

அடுத்தது கெயின், அதாவது உள்ளே வரும் சிக்னலுக்கு ஏற்ப ஆம்பைப் பொருத்தும் திருகு. தயவுசெய்து இதை வால்யூம் போலத் திருகாதீர்கள், காயில் கருகுவது பெரும்பாலும் இதனால்தான். ஆம்ப் 4 ஓமில் 300 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் பவர்). அந்தப் பவருக்கு ஆம்ப் வெளியீட்டில் வர வேண்டிய வோல்டேஜ்: 300 பெருக்கல் 4, அதன் வர்க்கமூலம் 34.6 வோல்ட். சப்ஊஃபர் வயரைக் கழற்றி, பாஸ் பூஸ்டை அணைத்து, ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வைத்து 50 ஹெர்ட்ஸ் சைன் டோனை ஓடவிட்டேன். ஆம்ப் வெளியீட்டில் வைத்த மீட்டர் ஏசி வோல்டில் 34 காட்டும்வரை கெயினை மெதுவாக ஏற்றி நிறுத்தினேன்.

வயரைத் திரும்ப மாட்டும்போது பிளஸ், மைனஸ் கவனம். ஒரு சப்ஊஃபர் மட்டும் தலைகீழானால் இரண்டின் ஒலியும் ஒன்றையொன்று ரத்துசெய்து, பாஸ் மெலிந்துவிடும்.