பெயரைப் பார்த்துப் பொறியியல் துறை எடுக்காதீர்கள்

உயர்தரப் பெறுபேறு வந்ததும் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “சேர், எந்த எஞ்சினியரிங்குக்கு இப்ப டிமாண்ட்?”

அந்த ‘இப்ப’வில்தான் முதல் தவறு. பட்டம் முடிய நான்கு வருடமாகும். 2022 பொருளாதார நெருக்கடியில் கட்டட வேலைகள் நின்றபோது சிவிலே வேண்டாம் என்று பலர் ஒதுங்கினார்கள். ஆனால் மீரியபெத்தையில் 2014இல் நடந்த மண்சரிவை நாம் மறக்க முடியுமா? சரிவின் மண்ணைச் சோதிக்கவும், நீரை வடிக்கவும், தாங்குசுவர் போடவும் தெரிந்தவர் சிவிலுக்குள்தான் உருவாகிறார்.

அடுத்து, பெயர்க் குழப்பம். கணினி விஞ்ஞானத்தில் மென்பொருளும் தரவும் அல்கோரிதங்களும் (கணினிக்கான படிமுறைகள்) அதிகம். கணினிப் பொறியியலில் அவற்றோடு மின்சுற்று, புரோசசர், வன்பொருள் எல்லாம் வரும். மென்பொருள் கம்பனிகள் இரண்டு பேரையும் எடுக்கின்றன. அதனால் சுற்றுப்பலகையைத் தொடவே பிடிக்காத பிள்ளை, ‘பொறியியலாளர்’ என்ற பெயருக்காக அதில் போய் விழ வேண்டாம்.

மற்றத் துறைகளின் வித்தியாசம் தெரிய மேல் கொத்மலை நீர்மின் நிலையத்தைப் பாருங்கள். அணையும் சுமார் 13 கிலோமீற்றர் சுரங்கமும் சிவில். டர்பைன் மெக்கானிக்கல். அது சுழற்றும் ஜெனரேட்டரும் வெளியே போகும் மின்கம்பியும் எலக்ட்ரிக்கல். எல்லாவற்றையும் கண்காணிக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளில் எலக்ட்ரோனிக்ஸ்.

இதைவிடப் பெரிய தவறு, ஆங்கிலத்தைக் கவனிக்காமல் விடுவது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியலின் முதலாம் வருடம் எல்லாருக்கும் பொது. அந்தப் பெறுபேற்றையும் விருப்ப வரிசையையும் வைத்துத்தான் துறை கிடைக்கும். நம் பிள்ளைகள் தமிழில் படித்துவிட்டுப் போய், ஆங்கில விரிவுரையில் திணறுவது அதே வருடத்தில்தான். விரும்பிய துறை அங்கேயே கைநழுவினால் மனசு மிகவும் வலிக்கும். ஆகவே பல்கலைக்கழகம் தொடங்கும்வரை கிடைக்கும் மாதங்களில் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து.

அப்புறம், பொறியியலும் பொறியியல் தொழினுட்பமும் ஒன்றல்ல. பின்னது 2013இல் உயர்தரத்தில் வந்த தொழினுட்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கானது. அதுவும் நல்ல பாதைதான், ஆனால் பட்டயப் பொறியியலாளர் (‘சார்ட்டட் எஞ்சினியர்’ என்ற தொழில்முறைத் தகுதி) ஆவதற்கு நேர்வழி அல்ல. தனியார் பட்டமென்றால் இன்னும் கவனம் வேண்டும். அம்மாவின் ஈபிஎஃப் காசை எடுத்துக் கட்டுவதற்கு முன், இலங்கைப் பொறியியலாளர் நிறுவகத்தின் அங்கீகாரப் பட்டியலில் அந்தப் பட்டம் அதே பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள்.