வயதான பீட் விஸ்கி: ருசி பார்ப்பதும் விலைக்குத் தகுமா என்று பார்ப்பதும்

பீட் என்பது சதுப்பு நிலத்தில் செடிகொடி மக்கி உருவான, எரியக்கூடிய மண். அதன் புகை ஏறிய பார்லி மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஒரே டிஸ்டிலரியில் வடித்தால் அது பீட் சிங்கிள் மால்ட். அதை வாங்குபவர்களை ஏமாற்றும் எண்கள் இரண்டு: பிபிஎம், வயது. பீட் புகையில் உலர்த்திய பார்லி மால்ட்டில் புகை வாசனை தரும் ஃபீனால் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு ஏறியிருக்கிறது என்பதுதான் பிபிஎம். ஸ்காட்லாந்தின் ஐலா தீவு டிஸ்டிலரிகளான லாகவூலினுக்குச் சுமார் 35, ஆர்ட்பெக்குக்குச் சுமார் 55 என்பதெல்லாம் மால்ட்டின் கணக்கு, பாட்டிலின் கணக்கல்ல. காய்ச்சி வடிக்கும்போதே அதில் பெரும்பங்கு போய்விடும். மிச்சமும் பீப்பாய்க்குள் வருடாவருடம் தணியும். அதனால் 25 வருடச் சரக்கில் 10 வருடத்தைவிடப் புகை குறைவாக இருந்தால் அது குறையே இல்லை. புகை விட்டுப்போன இடத்தில் என்ன வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதற்குத்தான் காசு.

ருசி பார்க்கும் அறையில் கொசுவத்தி, ஊதுபத்தி, சாம்பிராணி எதுவும் கூடாது. பீட்டும் புகைதான், மூக்குக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. வாய் குறுகிய டியூலிப் கிளாஸில் 25 மில்லி ஊற்றி, 15 நிமிடம் சும்மா விடுங்கள். ஐஸ் வேண்டாம், குளிரில் வாசனை எழாது. கிளாஸை முதலில் தாடைக்கு நேராகப் பிடித்து, வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். நேரே மூக்கை நுழைத்தால் ஆல்கஹால் எரித்துவிடும், பிறகு கொஞ்ச நேரத்துக்கு எதுவும் தெரியாது.

இளசான பீட்டில் எரிந்த ரப்பர், தார், டிங்சர் அயோடின் என எல்லாம் முந்திக்கொண்டு வரும். நன்றாக முதிர்ந்ததில் அணைந்த விறகடுப்புச் சாம்பல், வெட்டிவேர், பழுத்த அன்னாசி, பதனிட்ட பழைய தோல் என ஒன்றன்பின் ஒன்றாக வரும். இந்த வரிசையைத்தான் கவனிக்க வேண்டும். முதல் வாய் நாக்கைப் பழக்க மட்டுமே. இரண்டாவது வாயில் ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாக எடுத்து, பத்து விநாடி வைத்திருந்து விழுங்கிப் பாருங்கள்.

அடுத்து தண்ணீர். 55 சதவீத ஆல்கஹால் உள்ள 25 மில்லியை 46க்கு இறக்க 5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன் போதும். அதையும் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். புகை வாசனைக்குக் காரணமான குவாயகால், தண்ணீர் சேரும்போது மேற்பரப்புக்கு வருகிறது என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2017-ல் கணினி மாதிரியில் காட்டினார்கள். குழாய்த் தண்ணீர் மட்டும் வேண்டாம். அதில் குளோரின் இருந்தால், ஐலா விஸ்கிக்கே உரிய ஆஸ்பத்திரி வாசனையோடு கலந்து ஆளைக் குழப்பிவிடும்.

கெட்டதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அடுப்பிலேயே கிடந்து கொதித்த டீ மாதிரித் துவர்த்தால், மரம் விஸ்கியைத் தின்றுவிட்டது என்று பொருள். வயது கூடின பாட்டில்களில் அதிகம் பார்ப்பது இதைத்தான். நனைந்த அட்டை வாசம் கார்க்கின் கோளாறு. தீக்குச்சி, அழுகிய முட்டை வாசம் பெரும்பாலும் ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாயின் கந்தகம்.

இனி விலை. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும். 250 லிட்டர் நிரப்பினால் 10 வருடத்தில் 204 லிட்டர் மிஞ்சும், 25 வருடத்தில் 150தான். விலை ஏற இது ஒரு நியாயமான காரணம். ஆனால் 700 மில்லி கணக்கில் 290 பாட்டில் 215 ஆனதற்கு விலை பத்து மடங்காக வேண்டியதில்லை; மீதி, பெயருக்கும் அபூர்வத்துக்கும் கொடுப்பது. பெங்களூரு வெயிலில் வருடத்துக்கு 10 முதல் 12 சதவீதம் போய்விடும். அதனால் அங்கே தயாராகும் நம்மூர் அம்ருத் விஸ்கியில் 5 வருடத்தை ஸ்காட்ச் வயதோடு ஒப்பிடவே கூடாது. ஸ்காட்ச் பீட் பார்லி கலந்த அம்ருத் ஃபியூஷனுக்கு லேபிளில் வயதே கிடையாது. அது ஒரு குறையாகவும் தெரியாது.

லேபிளில் ஆல்கஹால் அளவையும் பாருங்கள். 57 சதவீத 700 மில்லியை 43க்கு இறக்கினால் 928 மில்லி வரும்; விலையை ஒப்பிடும்போது இதையும் கணக்கில் எடுங்கள். 46 அல்லது அதற்கு மேல் இருந்தால், கலங்காமல் இருக்கக் குளிரவைத்து எண்ணெய்ப்பசையை வடிகட்டி எடுக்காததாக இருக்க வாய்ப்பு அதிகம். நிறத்தை வைத்து வயதை எடைபோட வேண்டாம், ஸ்காட்ச்சில் கேரமல் நிறம் சேர்க்க அனுமதி உண்டு. வயது என்பது அதில் கலந்த மிக இளைய விஸ்கியின் வயது. 1990-ல் வடித்து 2010-ல் பாட்டிலில் அடைத்தது என்றைக்கும் 20 வருடம்தான். கண்ணாடிக்குள் முதிர்வு கிடையாது.

முழு பாட்டில் வாங்குமுன் பாரில் ஒரு 30 மில்லி பாருங்கள். அதே டிஸ்டிலரியின் 10 வருடத்தையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லையா, இளசையே வாங்குங்கள். குடித்த கிளாஸ்களைக் கழுவாமல் இரவு முழுக்க வையுங்கள். காலையில் இளசின் கிளாஸில் சாம்பல் வாசம் மட்டும் இருக்கும். நல்ல முதிர்ந்ததில் தேனும் பழமும் கூட நிற்கும்.

தெரிந்தவரின் தெரிந்தவர் மலிவாகத் தருகிறார் என்றால் இரண்டு தடவை யோசியுங்கள். லைசென்ஸ் இல்லாமல் விற்பது குற்றம். தவிர, காலி பாட்டிலும் டப்பாவும் பழைய சாமான் கடையிலேயே கிடைக்கும். மூடியின் சீல் மடிப்பில் பசை, கழுத்துக்குக் கீழே இறங்கிய மட்டம், பாட்டிலிலும் டப்பாவிலும் ஒத்துப்போகாத லாட் எண் இருந்தால் விட்டுவிடுங்கள். திறந்த பாட்டில் பாதிக்குக் கீழே போனால் முதலில் மங்குவது புகைதான். சின்ன கண்ணாடிப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, நிமிர்த்தி, அலமாரிக்குள் வையுங்கள்.